தாய்லாந்து ஆலை வேலை: சம்பளக் கணக்கு, வேலைநீக்க இழப்பீடு, கோ.ரோ.7 என்ற புகார் மனு

2023இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சோன்புரி மாகாணத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாக ஆலையின் கேன்டீனில் எங்களில் அறுபது பேரை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு லைன்களை மூடுகிறோம், ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம், கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே வங்கிக் கணக்கில் ஏறிவிடும் என்றார்கள். எனக்குத் தாய் மொழி பேச வரும், படிக்க வராது. போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த பி லெக் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ('பி' என்பது அங்கே அக்காவுக்கும் அண்ணனுக்கும் பொதுவான விளி. லைனில் மூத்தவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

தாளின் தலைப்பு 'பை லா ஓக்'. ராஜினாமாக் கடிதம்.

ஒன்பது வருடம் நாள் கூலியில் நின்ற பி லெக் மூன்று மாதத்தில் 94,800 பாட் இழப்பீடு வாங்கினார். ஐந்து வருடம் முடித்திருந்த எனக்கு 180 நாள் சம்பளம் வந்திருக்க வேண்டும், அது அந்தக் கையெழுத்தோடு போனது. தாய்லாந்துத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் தாய்க்காரருக்கும் நமக்கும் ஒன்றுதான். பி லெக்கோடு அலுவலகம் அலுவலகமாகப் போயும், பிறகு அவர் சொல்லக் கேட்டும் கற்றதை, புதிதாக அங்கே ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மேற்பார்வையாளராகப் போகிறவர்களும் படியுங்கள். உங்கள் லைனில் நிற்பவர்களின் கூலிக் கணக்கு உங்கள் கையெழுத்தில்தான் போகும்.

1. உங்கள் மாகாணத்தின் நாள் கூலியைப் பாருங்கள்

தாய்லாந்தில் குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில், மாகாணத்துக்கு மாகாணம் மாறும். 2025 ஜனவரி 1 முதல் சோன்புரி, ரயோங், சசெங்சாவ், புகெட் மாகாணங்களில் 400 பாட். பாங்காக்கில் அதே ஆண்டு ஜூலை 1 முதல் 400. பாங்காக்கை ஒட்டிய சமுத் பிராக்கான், சமுத் சாக்கோன், பாத்தும் தானி, நொந்தபுரி, நாக்கோன் பத்தோம் ஆகியவற்றில் 372. அயுத்தயா, சரபுரி, பிராச்சின்புரி 357. மிகக் குறைவு தெற்கு எல்லையில் யாலா, பத்தானி, நராத்திவாத்: 337. தொகை மாறும்போது தொழிலாளர் அமைச்சகம் அறிவிக்கும், அந்தந்த நேரத்துத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று: தலைமை அலுவலகம் இருக்கும் மாகாணத்தின் கூலியைக் கொடுப்பது. நீங்கள் நின்று வேலை செய்யும் இடத்தின் கூலிதான் செல்லும். தையல் ஆலைகளில் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசினாலும், நாள் முடிவில் கணக்கு குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது.

2. சம்பள ஸ்லிப்பை நீங்களே போட்டுப் பாருங்கள்

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. உடலுக்கு ஆபத்தானவை என்று சட்டம் பட்டியலிட்ட வேலைகளுக்கு 7 மணி, 42 மணி. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிற்க வைக்கக் கூடாது, ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். 2 மணியோ அதற்கு மேலோ ஓ.டி. இருந்தால் அதற்கு முன் 20 நிமிடம் ஓய்வு. ஓ.டி.யும் விடுமுறை நாள் வேலையும் சேர்ந்து வாரத்துக்கு 36 மணியைத் தாண்டக் கூடாது. ஓ.டி.க்கு ஒவ்வொரு முறையும் உங்கள் சம்மதம் வேண்டும்.

காசு இப்படி வரும். சாதாரண நாள் ஓ.டி.க்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. விடுமுறை நாளில் ஓ.டி. செய்தால் மூன்று மடங்கு. விடுமுறை நாளில் வழக்கமான எட்டு மணி நேரம் வேலை செய்தால், அந்த நாளுக்கு ஏற்கெனவே சம்பளம் உள்ளவருக்கு இன்னொரு மடங்கு, சம்பளம் இல்லாதவருக்கு இரண்டு மடங்கு. இந்தக் கடைசி வரியில்தான் குழப்பம். மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிறும் சம்பளத்தில் அடக்கம். நாள் கூலிக்காரருக்கு ஞாயிறு காசில்லாத நாள், ஆகவே அன்று வேலைக்கு வந்தால் இரட்டைக் கூலி. ஆனால் சொங்க்ரான், தொழிலாளர் தினம் போன்ற பண்டிகை விடுமுறைகள் (வருடத்துக்குக் குறைந்தது 13) நாள் கூலிக்காரருக்கும் காசுள்ள நாள்கள்.

ரயோங்கில் 400 பாட் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கூலி 50, ஓ.டி. மணிக்கு 75. மாதம் 26 நாள் வேலை: 10,400. கிழக்குப் பகுதி ஆலைகள் பலவற்றில் காலை 8 முதல் மாலை 5, அரை மணி இடைவெளி, பிறகு இரவு 8 வரை ஓ.டி. அது இரண்டரை மணி. 20 நாள் செய்தால் 50 மணி, 3,750 பாட். ஒரு ஞாயிறு வந்தால் 800. மொத்தம் 14,950. இதற்கு மேல் 'பியா கயன்' என்ற வருகைப் படி, ஷிஃப்ட் படி, சாப்பாட்டுப் படி என்று கம்பெனிக்கு ஏற்ப வரும். இரவு ஷிஃப்டுக்கென்று தனிக் கூலி சட்டத்தில் இல்லை, கம்பெனி கொடுத்தால் உண்டு.

மாதச் சம்பளக்காரர் மணிக்கூலி கண்டுபிடிக்க, சம்பளத்தை 30ஆல் வகுத்து, வந்ததை 8ஆல் வகுங்கள். 12,000 என்றால் மணிக்கு 50. 'மாதச் சம்பளக்காரருக்கு ஓ.டி. கிடையாது' என்று சொல்வார்கள். ஆள் சேர்க்க, நீக்க, போனஸ் தர அதிகாரம் உள்ள மேலாளருக்குத்தான் அது பொருந்தும். பெயரில் 'லீடர்' என்று இருப்பதால் மட்டும் ஓ.டி. உரிமை போகாது.

ஏஜென்சி மூலம் வந்தவர்கள் கவனியுங்கள். ஒரே லைனில் கம்பெனி ஆளும் ஏஜென்சி ஆளும் ஒரே வேலையைச் செய்தால், சலுகைகளில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டத்தின் 11/1 பிரிவு சொல்கிறது. நடைமுறையில் சீருடை நிறத்திலிருந்து போனஸ் வரை வித்தியாசம் இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

3. எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது

வருமான வரி, சமூகப் பாதுகாப்புச் சந்தா, சங்கச் சந்தா, கூட்டுறவுச் சங்கக் கடன் போன்ற சிலவற்றை மட்டும் பிடிக்கலாம். சமூகப் பாதுகாப்பு ('ப்ரகன் சங்கோம்') கூலியில் 5 சதவீதம். உச்சம் 750 பாட்டாக இருந்தது, 2026 ஜனவரி முதல் 875. ஓ.டி. காசு இந்தக் கணக்கில் சேராது. மேலே சொன்ன ரயோங் தொழிலாளிக்கு 10,400இல் 5 சதவீதம், அதாவது 520தான் பிடிக்க வேண்டும். 14,950இல் பிடித்திருந்தால் எச்.ஆரிடம் கேளுங்கள்.

உடைந்த பொருளுக்கு அபராதம், தாமதத்துக்கு அபராதம், சீருடைக் காசு எல்லாம் சட்டத்துக்கு வெளியே. வேண்டுமென்றே சேதம் செய்தாலோ பெரும் அலட்சியத்தாலோ மட்டும், அதுவும் உங்கள் சம்மதத்தோடு பிடிக்கலாம். தாமதமாக வந்த நிமிடங்களுக்குக் கூலி கொடுக்காமல் விடலாம், வருகைப் படியை வெட்டலாம். அதற்கு மேல் ஒரு பாட் போகக் கூடாது. லைன் தொழிலாளியிடம் வேலைக்குச் சேரும்போது டெபாசிட் வாங்குவதும் தடை.

4. முதல் நாளிலிருந்தே தாள் சேருங்கள்

பி லெக் வென்றதற்குக் காரணம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. ஒன்பது வருட ஸ்லிப்பும் அதில் இருந்தது. என்னிடம் இருந்தது கம்பெனி ஆப்பில் மட்டும், வேலை போன அன்றே ஆப் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

வைத்துக்கொள்ள வேண்டியவை: வேலை ஒப்பந்தம், மாத ஸ்லிப், கூலி ஏறும் வங்கிக் கணக்கின் அறிக்கை, நேர அட்டையின் போட்டோ (ஓ.டி. பட்டியலில் கையெழுத்துப் போடும்போது அதையும் எடுங்கள்), அறிவிப்புப் பலகையில் ஒட்டிய எந்தத் தாளாக இருந்தாலும் அதன் போட்டோ, லைன் (LINE) என்ற செய்தி ஆப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய செய்திகள். தாய்லாந்தில் பாதி உத்தரவுகள் லைன் ஆப் குழுவில்தான் வரும். வேலை போனதும் முதலில் உங்களைக் குழுவிலிருந்து நீக்குவார்கள். ஆகவே மாதம் ஒருமுறை குழு உரையாடலைச் சேமித்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

பலர் மறக்கும் தாள் 'ஹா சிப் தவி'. ஒரு வருடத்தில் உங்களுக்குக் கொடுத்த மொத்தக் காசும் பிடித்த வரியும் எழுதிய சான்று. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 15க்குள் கம்பெனி கொடுக்க வேண்டும், நடுவில் வேலை விட்டால் ஒரு மாதத்துக்குள். ஸ்லிப் இல்லாதவருக்கு இதுவே பெரிய சாட்சி. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் உங்கள் சந்தா வரலாற்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த முதலாளியிடம் இருந்தீர்கள் என்று அரசே சொல்லும் தாள் அது, அதை யாரும் மறுக்க முடியாது.

தேதியில் கவனம். தாய் ஆவணங்களில் புத்த ஆண்டு இருக்கும், நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2025 என்பது 2568. நான் மனுவில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டை ஒன்று தள்ளி எழுதி, திருத்தவே ஒரு நாள் போனது.

5. 'பை லா ஓக்'கில் கையெழுத்துப் போடாதீர்கள்

ராஜினாமா செய்தவருக்கு வேலைநீக்க இழப்பீடு இல்லை. அதனால்தான் ஆலை மூடும்போதும் ஆள் குறைக்கும்போதும் முதலில் நீட்டப்படுவது ராஜினாமாத் தாள். 'இது வெறும் வழக்கம்தான்', 'போடாவிட்டால் கடைசிச் சம்பளம் தாமதமாகும்', 'அடுத்த கம்பெனிக்கு நல்ல சான்று தர மாட்டோம்' என்பார்கள். மூன்றுமே எங்கள் கேன்டீனில் கேட்டவை. வேலை நீங்கிய 3 நாளுக்குள் நிலுவைக் கூலியும் ஓ.டி.யும் கொடுத்தாக வேண்டும், அதற்கும் உங்கள் கையெழுத்துக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனை நாள் என்ன வேலை செய்தீர்கள் என்ற சான்றும் சிவில் சட்டப்படி உங்கள் உரிமை.

என்ன செய்யலாம்? "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை தருகிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். தர மறுத்தால் போட்டோ எடுங்கள். பணம் பெற்றதற்கு ரசீது மட்டும் என்றால் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, 'இந்தத் தொகை மட்டும் பெற்றேன்' என்று சேர்த்துக் கையெழுத்திடலாம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி தாளின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும், அதை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிடக் கொடுமையான பொறி ஒன்று உண்டு. வாயால் மட்டும் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்பார்கள். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நான்காம் நாள், காரணமில்லாமல் தொடர்ந்து 3 வேலை நாள் வரவில்லை என்று கடிதம் வரும். அது இழப்பீடு இல்லாமல் நீக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் ஒன்று. ஆகவே எழுத்தில் நீக்க உத்தரவு கைக்கு வரும்வரை தினமும் ஷிஃப்ட் நேரத்தில் வாசலுக்குப் போங்கள். காவலாளி உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து, "வந்தேன், உள்ளே விடவில்லை" என்று சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்புங்கள். பி லெக் மூன்று நாள் காலை 7.40க்கு வாசலில் நின்றார். விசாரணையில் அந்த மூன்று படங்கள்தான் பேசின.

ஆர்டர் இல்லை என்று தற்காலிகமாக மூடினால் அது வேலைநீக்கம் அல்ல. அப்போது நாள் கூலியில் 75 சதவீதம் தர வேண்டும், மூன்று வேலை நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லவும் வேண்டும். வெள்ளம், தீ போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்கு இது பொருந்தாது.

6. எவ்வளவு வரவேண்டும் என்று கணக்கிடுங்கள்

வேலைநீக்க இழப்பீட்டுக்குத் தாய் சொல் 'கா சோட் சேய்'. இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 120 நாள் முடித்தவருக்கு 30 நாள் கூலி, ஒரு வருடம் முடித்தால் 90, மூன்று முடித்தால் 180, ஆறு முடித்தால் 240, பத்து முடித்தால் 300, இருபது முடித்தால் 400 நாள் கூலி. பி லெக் கடைசியாக வாங்கியது நாளுக்கு 395, அதை 240ஆல் பெருக்கினால் 94,800.

சோதனைக் காலம் 119 நாள் என்று பல ஆலைகள் வைப்பது ஏன் என்று இப்போது புரியும். ஏஜென்சிகள் 11 மாத ஒப்பந்தம் முடித்து, சில நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுப்பார்கள். உரிமையைத் தடுக்கவே இடைவெளி விட்டிருந்தால் எல்லாக் காலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய ஒப்பந்தங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

கடைசிக் கூலி என்பதில் மாதாமாதம் நிலையாக வரும் பதவிப் படி சேரும். ஓ.டி. சேராது. வருகைப் படியும் பொதுவாகச் சேராது.

இதோடு முன்னறிவிப்புக் காசு. ஒரு சம்பளச் சுற்றுக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் அதற்கான கூலி. ஒரு வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 6 நாள் விடுப்பு உண்டு, எடுக்காததற்குக் காசு. நிலுவை ஓ.டி. இவற்றுக்குத் தாமத வட்டி வருடத்துக்கு 15 சதவீதம். வேண்டுமென்றே இழுத்தடித்தால் 7 நாளுக்கு ஒருமுறை இன்னும் 15 சதவீதம் ஏறும். இந்தக் கடைசி வரியை விசாரணையில் அதிகாரி வாசித்துக் காட்டியபோதுதான் கம்பெனி வக்கீலின் குரல் இறங்கியது.

ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் எடுக்காத விடுப்புக் காசில் சேமித்த பகுதியும் நிலுவை ஓ.டி.யும் உண்டு. எனக்குக் கடைசியில் கிடைத்தது அவை மட்டும். முழுதும் போய்விட்டது என்று நினைத்து வீட்டில் உட்காராதீர்கள்.

7. கோ.ரோ.7 மனு

மாகாணத் தலைநகரில் தொழிலாளர் நலன் மற்றும் பாதுகாப்பு அலுவலகம் இருக்கும். டாக்ஸிக்காரரிடம் 'சவத்திகான் லே கும்க்ரோங் ரேங்கான்' என்று சொல்லுங்கள். 'ப்ரகன் சங்கோம்' அலுவலகம் வேறு, வேலை அனுமதி தரும் அலுவலகம் வேறு. மூன்றும் சில இடங்களில் ஒரே வளாகத்தில் இருப்பதால் நாங்கள் முதல் காலை முழுவதும் தவறான வரிசையில் நின்றோம். போகும் முன் 1546 எண்ணுக்கு அழைத்து எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாங்காக்கில் பகுதிவாரியாக அலுவலகங்கள் உண்டு.

வரவேண்டிய காசைக் கேட்டு நிரப்ப வேண்டிய புகார்ப் படிவம் கோ.ரோ.7. கட்டணம் இல்லை. வக்கீல் தேவையில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஜெராக்ஸுக்கும் பேருந்துக்கும் போனதுதான் செலவு. "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.

தாய்க்காரர் அடையாள அட்டை நகல், நாம் பாஸ்போர்ட்டும் வேலை அனுமதியும். எல்லா நகலிலும் 'சம்னாவ் தூக் தோங்' (நகல் சரியானது) என்று எழுதிக் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு தாளையும் வாங்க மாட்டார்கள். மூன்று செட் எடுத்துப் போங்கள். படிவத்தில் முதலாளியின் பதிவுப் பெயர் கேட்கும். வாசல் பலகையில் இருக்கும் வணிகப் பெயர் வேறாக இருக்கலாம், ஹா சிப் தவியில் இருக்கும் பெயரைப் போடுங்கள். ஏஜென்சி ஆளாக இருந்தால் ஏஜென்சியையும் ஆலையையும் இரண்டையும் எழுதுங்கள்.

தொகையை வகை வகையாக எழுத வேண்டும்: கூலி இவ்வளவு, ஓ.டி. இவ்வளவு மணி இவ்வளவு பாட், இழப்பீடு இவ்வளவு. மொத்தமாக ஒரு எண்ணை எழுதினால் அதிகாரி திருப்பி அனுப்புவார். பலர் சேர்ந்து போகலாம், ஆனால் மனு ஆளுக்கு ஒன்று. சேர்ந்து போவது நல்லது. ஒருவர் விட்ட தாளை இன்னொருவர் வைத்திருப்பார்.

கெடு: கூலி, ஓ.டி. கோரிக்கைக்கு 2 வருடம். இழப்பீட்டுக்கு 10 வருடம். இருந்தாலும் முதல் வாரமே போங்கள்.

அதே வாரம் முடிக்க வேண்டிய இன்னொரு காரியம். வேலை போன 30 நாளுக்குள் வேலையில்லாதோர் பதிவைச் செய்யுங்கள். வேலை போவதற்கு முந்தைய 15 மாதத்தில் 6 மாதம் சந்தா கட்டியிருந்தால் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து உதவித்தொகை உண்டு. நீக்கப்பட்டவருக்கு 180 நாள் வரை, ராஜினாமா செய்தவருக்குக் குறைந்த விகிதத்தில் 90 நாள் வரை. காரணம் என்ற கட்டத்தில் கம்பெனி என்ன எழுதி அனுப்பியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பி லெக்குக்கு 'தானே விலகினார்' என்று எழுதியிருந்தது, கோ.ரோ.7 நகலைக் காட்டித்தான் ஆட்சேபித்தோம்.

8. அழைப்பாணை, பேரம், உத்தரவு

மனு கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அந்த அலுவலகத்தின் தொழிலாளர் ஆய்வாளர் உத்தரவு போட வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். இடையில் இரு தரப்பையும் கூப்பிடுவார். எங்களுக்கு முதல் அழைப்பு 16ஆம் நாள், இரண்டாவது ஐந்தாவது வாரம். இரண்டாவது முறை கம்பெனி பாதித் தொகையை ஆறு தவணையில் தருவதாகச் சொன்னது. வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நெருக்கியதால் எங்களோடு வந்தவர்களில் பலர் ஒத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒத்துக்கொள்வதானால் இரண்டு விஷயம்: ஒப்பந்தம் அதிகாரி முன்னிலையில் எழுதப்பட வேண்டும், ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே என்ற வரி இருக்க வேண்டும். காசு வங்கியில் ஏறும் முன் மனுவைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு பேர் போட்டார்கள். முதல் தவணைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பி லெக் பேரத்துக்கு உடன்படவில்லை. 58ஆம் நாள் முழுத் தொகைக்கும் உத்தரவு வந்தது. கட்ட முதலாளிக்கு 30 நாள். 29ஆம் நாள் கட்டினார்கள்.

மொழி தெரியாதவர்கள் தாய் நண்பரை அழைத்துப் போங்கள். நான் லைனில் பேசும் தாய் வேறு, அலுவலகத் தாய் வேறு. அங்கே எழுதும் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்து.

9. உத்தரவு வந்தும் கட்டவில்லை என்றால்

உத்தரவை ஏற்காத தரப்பு 30 நாளுக்குள் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். முதலாளி போனால் உத்தரவிட்ட தொகையை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். நீங்கள் போனால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வாய்மொழியாகவே வழக்கைச் சொல்லலாம், எழுதித் தர நீதிமன்றத்திலேயே சட்ட அலுவலர் இருப்பார்.

நியாயமற்ற வேலைநீக்கத்துக்கான நட்ட ஈட்டை நீதிமன்றம் மட்டுமே தரும், ஆய்வாளர் தர முடியாது. ஒரே கோரிக்கைக்கு ஆய்வாளர், நீதிமன்றம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கவும் முடியாது. கணக்கு எளிதாகவும் தாள் கையிலும் இருந்தால் ஆய்வாளர் வழி போதும்.

முதலாளி ஓடிப்போனால் தொழிலாளர் நல நிதியிலிருந்து ஒரு பகுதி கிடைக்கும், உத்தரவு நகலோடு அதே அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முழுத் தொகை வராது. சமுத் பிராக்கானில் பிரில்லியன்ட் அலையன்ஸ் தாய் குளோபல் என்ற உள்ளாடை ஆலை 2021 மார்ச்சில் மூடியபோது 1,200க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடில்லாமல் நின்றார்கள். ஆய்வாளர் உத்தரவு இருந்தும் காசு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போராடிய பிறகு, 2022இல் அங்கே தைத்த உடைகளை வாங்கி விற்ற விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனம் முன்வந்து 83 லட்சம் டாலருக்கு ஏற்பாடு செய்தது. ஏற்றுமதி ஆலையில் இருப்பவர்கள் யாருக்காகத் தயாரிக்கிறோம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். துணியின் லேபிள், பெட்டியின் முத்திரை, இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

10. இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு

வேலை முடியும் நாளோடு அந்த வேலையை வைத்து வாங்கிய தங்கும் அனுமதியும் முடியும். பேரத்தில் கம்பெனி இதைத்தான் ஆயுதமாக வைக்கும். கடைசி வேலை நாள் எது என்று எழுத்தில் வாங்குங்கள். அன்றே குடியேற்ற அலுவலகம் போய், கிளம்ப 7 நாள் கேட்கலாம். அதைத் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. பாஸ்போர்ட்டை எச்.ஆர். அலமாரியில் ஒரு நாளும் விட்டு வைக்காதீர்கள்.

அந்த ஏழு நாளில் செய்ய வேண்டிய வரிசை: முதல் நாள் கோ.ரோ.7 கொடுப்பது. அடுத்த நாள் வங்கி அறிக்கையும் ஹா சிப் தவியும் வாங்குவது. வங்கிக் கணக்கை மூடாதீர்கள், தொகை அதில்தான் ஏற வேண்டும். கிளம்பும் முன் நம்பிக்கையான தாய் நண்பருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு செயலுக்கு என்றால் 10 பாட் முத்திரை, விசாரணைக்கு வருவது, சமரசம் பேசுவது, பணம் பெறுவது என்று பலவற்றுக்கு என்றால் 30 பாட் முத்திரை. முத்திரை வருவாய்த்துறை அலுவலகத்தில் கிடைக்கும். பத்திரத்தோடு உங்கள் பாஸ்போர்ட் நகலும் அவர் அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டும். நான் பி லெக்குக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு வரவேண்டிய ஓ.டி.யையும் விடுப்புக் காசையும் அவர்தான் இரண்டு முறை அலுவலகம் போய் வாங்கி அனுப்பினார்.